மருத்துவ வழிகாட்டு நெறிகளில் நோயாளர் விழுமியங்கள்

மருத்துவ வழிகாட்டு நெறிகளில் நோயாளர் விழுமியங்கள் என்பது, ஒரு நோய்க்கு எந்தச் சிகிச்சையைப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்யும்போது, அச்சிகிச்சையால் விளையும் நன்மை, தீமை, சுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் நோயாளர்கள் எவ்வளவு முக்கியத்துவம் அளிக்கின்றனர் என்பதைக் கண்டறிந்து, அதனைப் பரிந்துரையில் சேர்த்துக்கொள்ளும் முறையைக் குறிக்கும். இது சான்று சார் மருத்துவத்தின் ஒரு கூறு ஆகும். ஆய்வுகள் ஒரு மருந்து எவ்வளவு பயன் தரும் என்பதைக் கூறவல்லன. அந்தப் பயனுக்காக எவ்வளவு துன்பத்தை ஏற்கலாம் என்பதை ஆய்வுகள் மட்டும் கூற இயலா. அதற்கான விடை நோயாளரிடமே உள்ளது என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும்.

தென்னிந்தியாவில் காசநோய்ச் சிகிச்சை தொடர்பாக 1950களிலும் 1960களிலும் சென்னை, பெங்களூர் ஆகிய நகரங்களில் இருந்து நடத்தப்பட்ட ஆய்வுகளும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இப்பொருளுடன் நெருங்கிய தொடர்புடையவை.

சொற்பொருள்

மருத்துவ வழிகாட்டு நெறி என்பது, குறிப்பிட்ட ஒரு நோய்நிலையில் மருத்துவரும் நோயாளரும் தகுந்த முடிவை எடுப்பதற்கு உதவும் வகையில், கிடைக்கும் சான்றுகளை முறையாகத் தொகுத்து ஆய்ந்து உருவாக்கப்படும் பரிந்துரைகளின் தொகுப்பு ஆகும்.

விழுமியம் என்பது ஒரு விளைவுக்கு ஒருவர் தரும் மதிப்பு ஆகும். நீண்ட ஆயுள், வலியின்மை, பேசும் திறன், பிறரைச் சாராமல் இருத்தல், வேலைக்குச் செல்லும் திறன் முதலியவற்றுக்கு ஒவ்வொருவரும் வெவ்வேறு மதிப்பை அளிப்பர். விருப்பம் என்பது, இருக்கும் தெரிவுகளை ஒப்பிட்ட பின்னர் ஒருவர் எதனைத் தேர்வார் என்பதைக் குறிக்கும். நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்வதா, மாத்திரை உட்கொள்வதா என்பது விருப்பத்துக்கு எடுத்துக்காட்டாகும். விழுமியங்களில் இருந்தே விருப்பங்கள் தோன்றுகின்றன எனினும், இரண்டும் ஒன்றல்ல. தகவல் மாறினால் விருப்பம் மாறக்கூடும்; விழுமியம் எளிதில் மாறுவதில்லை.

இவை இரண்டும் ஒரு மருத்துவருக்கும் ஒரு நோயாளருக்கும் இடையே நிகழும் தனிப்பட்ட கலந்துரையாடலிலும் இடம்பெறும். அது கூட்டு முடிவெடுத்தல் எனப்படும். வழிகாட்டு நெறியில் கருதப்படுவது ஒரு தனி மனிதரின் விருப்பம் அன்று. அந்நோயுடைய மக்கள் தொகுதியில் பெரும்பாலோர் எதனை மதிக்கின்றனர், அவர்களுக்குள் வேறுபாடு எவ்வளவு உள்ளது என்பனவே அங்கு கருதப்படுகின்றன.

தேவை

மருத்துவர் முக்கியம் எனக் கருதுவதும் நோயாளர் முக்கியம் எனக் கருதுவதும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ள இயலாது. இதனைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்பரா மெக்நீல் என்பவரும் அவருடைய குழுவினரும் குரல்வளைப் புற்றுநோய் தொடர்பான ஓர் ஆய்வை வெளியிட்டனர். குரல்வளையை அகற்றும் அறுவைச் சிகிச்சையால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகும். ஆனால் இயல்பான பேச்சுத் திறன் போய்விடும். கதிர்வீச்சுச் சிகிச்சையில் பேச்சுத் திறன் எஞ்சும். பிழைக்கும் வாய்ப்பு குறையும். நோயற்ற தன்னார்வலர்களிடம் இத்தெரிவை முன்வைத்தபோது, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆயுளில் ஒரு பகுதியை இழந்தேனும் குரலைக் காத்துக்கொள்வதைத் தேர்ந்தனர். ஆயுள் நீட்சியை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் நெறி இவர்களுக்குப் பொருந்தாது என்பது இவ்வாய்வால் விளங்கியது.

2001ஆம் ஆண்டு கனடாவில் வெளியான மற்றோர் ஆய்வு இதய மேலறை நடுக்கம் என்னும் நோய்நிலையைப் பற்றியது. இந்நிலையில் இரத்தம் உறைந்து பக்கவாதம் ஏற்படும் ஆபத்து உண்டு. உறைவெதிர்ப்பு மருந்து அந்த ஆபத்தைக் குறைக்கும். எனினும் இரத்தக் கசிவுக்கான ஆபத்தைக் கூட்டும். பக்கவாதத்தைத் தவிர்ப்பதற்காக எவ்வளவு இரத்தக் கசிவு ஆபத்தை ஏற்கலாம் என்று இரு தரப்பினரிடமும் கேட்டபோது, மருத்துவர்கள் ஏற்க விரும்பியதைக் காட்டிலும் கூடுதலான ஆபத்தை ஏற்க நோயாளர்கள் முன்வந்தனர். தாம் எழுதிக் கொடுத்த மருந்தால் ஏற்படும் கசிவை மருத்துவர் தம் பொறுப்பாக உணர்வார்; பக்கவாதத்துடன் எஞ்சிய நாள்களைக் கழிக்க வேண்டியவரோ நோயாளர். இவ்வேறுபாட்டுக்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வரலாறு

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எயிட்சு நோயாளர்கள், தம்மைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் எல்லா நிலைகளிலும் தமக்கு இடம் வேண்டும் எனக் கோரும் கொள்கைகளை வெளியிட்டனர். 1994இல் பாரிசு நகரில் நடந்த உச்சி மாநாட்டில் 42 நாடுகள் இக்கருத்தை ஏற்றன. பிற நோய்களுக்கான நெறிகளில் நோயாளர் பங்கேற்பதற்கு இது முன்மாதிரியாக அமைந்தது.

சான்று சார் மருத்துவம் என்னும் தொடர் 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாசுட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கயாட் முதலானோரால் அறிமுகப்படுத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டு டேவிட் சாக்கெட் முதலானோர் எழுதிய கட்டுரை, சான்றையும் மருத்துவரின் பட்டறிவையும் இணைப்பதே இம்முறை என விளக்கியதோடு, நோயாளரின் உரிமைகளையும் விருப்பங்களையும் குறிப்பிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களது நூலின் இரண்டாம் பதிப்பில் நோயாளரின் விழுமியங்கள் மூன்றாவது தூணாக வரையறையிலேயே இடம்பெற்றன.

அதன் பின்னர் ஏற்பட்ட முக்கிய வளர்ச்சிகள் வருமாறு:

2000 - பரிந்துரைகளைத் தரப்படுத்தும் கிரேடு பணிக்குழு தொடங்கப்பட்டது.

2002 - பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் பொதுமக்களைக் கொண்ட குடிமக்கள் அவையை அமைத்தது.

2003 - வழிகாட்டு நெறிகளின் தரத்தை மதிப்பிடும் அக்ரீ என்னும் கருவி வெளியிடப்பட்டது. நோயாளரின் கருத்துகளும் விருப்பங்களும் கேட்டறியப்பட்டனவா என்பது இக்கருவியின் வினாக்களுள் ஒன்றாகும். இதன் திருத்திய வடிவம் 2010இல் வெளியானது.

2007 - உலக சுகாதார அமைப்பு தனது நெறிகளைச் சரிபார்க்க மீளாய்வுக் குழு ஒன்றை அமைத்தது.

2011 - அமெரிக்க மருத்துவக் கழகம் நம்பத்தகுந்த நெறிகளுக்கான வரையறைகளை வெளியிட்டது. நெறி உருவாக்கும் குழுவில் நோயாளரும் இடம்பெற வேண்டும் என அது கூறியது.

நோயாளரின் பட்டறிவு உலகளாவிய நெறியுடன் தொடர்புபட்ட ஒரு நிகழ்வு எயிட்சு சிகிச்சையில் காணப்படுகிறது. விலை குறைந்த இசுட்டாவுடின் என்னும் மருந்து 2000களில் வளரும் நாடுகளில் பரவலாக அளிக்கப்பட்டது. அது உயிரைக் காத்தது. ஆயினும் நெடுநாள் உட்கொண்டோரில் பலருக்கு முகத்திலும் கைகால்களிலும் கொழுப்பு கரைந்து, நோய் இருப்பது பிறருக்குப் புலப்படும் தோற்றம் ஏற்பட்டது. நரம்பு பாதிப்பும் உண்டாயிற்று. ஆய்வகச் சோதனையில் நலமாகத் தெரிந்த ஒருவர், ஊரார் பார்வைக்கு அஞ்சி மருந்தைக் கைவிட நேரலாம். 2009ஆம் ஆண்டு உலக சுகாதார அமைப்பு இம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

கண்டறியும் முறைகள்

நோயாளரின் விழுமியங்களை அறியப் பல வழிகள் உள்ளன.

முறைசார் இலக்கிய மீளாய்வு: ஏற்கெனவே வெளியான ஆய்வுகளைத் தேடித் தொகுத்தல். இதுவே முதற்படியாகும்.

அளவுசார் முறைகள்: நோய்நிலை ஒன்றைத் தவிர்ப்பதற்காக ஆயுளில் எத்தனை ஆண்டுகளை விட்டுக்கொடுப்பீர் எனக் கேட்பது கால விட்டுக்கொடுப்பு முறை எனப்படும். முழு நலத்துக்கும் இறப்புக்கும் இடையே ஒரு வாய்ப்பை முன்வைத்து, எந்த அளவுவரை துணிவீர் எனக் கேட்பது வாய்ப்பாட்ட முறை எனப்படும். பல பண்புகளையுடைய தெரிவுகளை இணைகளாகக் காட்டி ஒன்றைத் தேரச் செய்வது தெரிவுச் சோதனை முறை ஆகும்.

பண்புசார் முறைகள்: நேர்காணல், குழு உரையாடல், வீட்டுக்குச் சென்று நோக்குதல் முதலியன. எண்களால் பிடிக்க இயலாத காரணங்களை இவை வெளிப்படுத்தும்.

நேரடிப் பங்கேற்பு: நோயாளர், பராமரிப்போர் ஆகியோரை நெறிக் குழுவில் உறுப்பினர்களாகச் சேர்த்தல். ஓரிருவர் மட்டும் இருந்தால் அவர்களின் குரல் வல்லுநர்களிடையே அமுங்கிவிடும் என்பதால், முன்பயிற்சியும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களும் வழங்கப்பட வேண்டும் எனக் கூறப்படுகிறது.

நோயாளரின் பணி மருந்தைத் தேர்வதுடன் தொடங்குவதில்லை. எந்த விளைவுகளை அளக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலேயே அது தொடங்குகிறது. நீரிழிவு நெறிக் குழு இரத்தச் சர்க்கரை அளவை மட்டும் விளைவாகக் கொண்டால், கால் இழப்பு, பார்வை இழப்பு, தாழ்சர்க்கரை மயக்கம் ஆகியன குறித்த நோயாளரின் அச்சத்துக்கு அந்நெறியில் இடமிராது.

பரிந்துரையின் வலிமை

கிரேடு முறையில் ஒரு பரிந்துரை வலுவானது, நிபந்தனைக்குட்பட்டது என இருவகைப்படும். இவ்வகைப்பாட்டை நன்மை தீமைகளின் சமநிலை, சான்றின் உறுதி, நோயாளரின் விழுமியங்களும் விருப்பங்களும், செலவும் வளமும் ஆகியவை தீர்மானிக்கின்றன. 2016இல் வெளியான விரிவாக்கப்பட்ட சட்டகத்தில் சமத்துவம், ஏற்புடைமை, நடைமுறைச் சாத்தியம் ஆகியனவும் தனித்தனியே வினவப்படுகின்றன.

உண்மைத் தரவு அல்லாத ஒரு கற்பனைக் கணக்கினால் இதனை விளக்கலாம். ஒரு மருந்தை 1000 பேர் ஐந்து ஆண்டுகள் உட்கொண்டால் 20 பேருக்கு மாரடைப்பு தவிர்க்கப்படும். 15 பேருக்குக் கடும் வயிற்று இரத்தக் கசிவு ஏற்படும் எனக் கொள்வோம். மாரடைப்பு ஒன்று, கசிவு மூன்றுக்குச் சமமான கேடு எனப் பெரும்பாலோர் கருதினால், தவிர்க்கப்படும் கேடு 60 அலகு. ஏற்படும் கேடு 15 அலகு. மருந்து தெளிவாக நன்மை பயக்கும். இரண்டும் சமமான கேடு எனக் கருதினால் 20க்கு 15 என்ற அளவில் வேறுபாடு சுருங்கிவிடும். நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் சுமையையும் சேர்த்தால் முடிவு மாறவும் கூடும். இரு கணக்குகளிலும் ஆய்வுச் சான்று ஒன்றே. மாறியது விழுமியம் மட்டுமே.

எல்லா நோயாளரும் ஏறத்தாழ ஒரே தெரிவைச் செய்வர் எனத் தெரிந்தால் வலுவான பரிந்துரை தகும். தெரிவுகள் பலவாறாக இருக்கும் எனில், நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையை அளித்து, மருத்துவர் ஒவ்வொரு நோயாளருடனும் பேசி முடிவு செய்ய வேண்டும் என நெறி கூறும்.

தென்னிந்தியாவில் காசநோய் ஆய்வுகள்

நோயாளர் விழுமியங்கள் என்ற சொல் வழக்கிற்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, நோயாளரின் வாழ்க்கைச் சூழலைக் கருத்தில் கொண்டு நெறி வகுக்கப்பட்டதற்குக் காசநோய்ச் சிகிச்சை ஒரு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

சென்னை ஆய்வு

1950கள் வரை காசநோயாளரை மாதக்கணக்கில் காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்து ஓய்வும் நல்லுணவும் அளிப்பதே முறையாகக் கருதப்பட்டது. இந்தியாவில் நோயாளர் தொகைக்குப் போதுமான படுக்கைகள் இல்லை. குடும்பத்தின் வருவாய் ஈட்டுபவர் பல மாதங்கள் வீட்டை விட்டு அகல்வதும் எளிதன்று. 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. வாலசு பாக்சு இதன் தொடக்ககால ஆய்வுகளை வழிநடத்தினார்.

இம்மையம் நோயாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஐசோனியசிடு, பாசு ஆகிய மருந்துகளை ஓராண்டு அளித்தது. வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவுடன், குறைந்த ஓய்வுடன் வாழ்ந்தனர். ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் உடனுறைந்தோருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு, உலகம் முழுவதும் வீட்டுச் சிகிச்சை பரவுவதற்கு வழிவகுத்தது. இம்மையம் பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

தும்கூர் ஆய்வு

தேசியக் காசநோய் நிறுவனம் 1959ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பட்டது. இதன் சமூகவியலாளர்களான தேபாபர் பானர்ஜி, இசுடிக் ஆண்டர்சன் ஆகியோர் கருநாடகத்தின் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் காசநோயாளரைக் கண்டு உரையாடினர். ஊர்மக்கள் அறியாமையால் சிகிச்சையை நாடுவதில்லை என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. ஆய்வு முடிவோ வேறாக இருந்தது. நோயாளரில் மிகப் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். பலர் அது குறித்துக் கவலை கொண்டிருந்தனர். ஏறத்தாழ பாதிப்பேர் தாமாகவே மருத்துவ நிலையங்களை நாடியிருந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சளி சோதனை செய்யப்படாமல் இருமல் மருந்து மட்டுமே கொடுத்து அனுப்பப்பட்டிருந்தது. இவ்வாய்வு 1963இல் வெளியானது.

மக்கள் தாமாக வந்து சேரும் பொது மருத்துவ நிலையத்திலேயே சளி சோதனையும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. 1962இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் இக்கொள்கையின் மீதே அமைந்தது.

நேரடிக் கண்காணிப்பும் அதன் சுமையும்

1997இல் முறையாகத் தொடங்கி 2006இல் நாடு முழுவதும் விரிந்த திருத்தப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், வாரம் மும்முறை மருந்தளிக்கும் முறையைக் கொண்டிருந்தது. முதல் கட்டத்தில் ஒவ்வொரு வேளை மருந்தையும் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் உட்கொள்ள வேண்டும். மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்தெதிர்ப்பு தோன்றும் என்பதால் இக்கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எனினும் மையத்துக்குச் சென்று வரும் நேரம், இழக்கும் கூலி, பிறர் அறிந்துகொள்வர் என்ற அச்சம் ஆகியன நோயாளர் மீது விழுந்த சுமைகளாகும்.

உலக சுகாதார அமைப்பு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறி, வாரம் மும்முறை முறையைக் கைவிட்டு நாள்தோறும் மருந்தளிக்கப் பரிந்துரைத்தது. மருத்துவ நிலையத்தில் கண்காணிப்பதை விட வீட்டிலோ சமூகத்திலோ கண்காணிப்பது சிறந்தது என்றும், உரிய தொழினுட்பம் இருக்குமிடத்தில் காணொளி வழிக் கண்காணிப்பு நேரடிக் கண்காணிப்புக்கு மாற்றாகலாம் என்றும் அது கூறியது. இந்தியாவும் 2017இல் நாள்தோறும் மருந்தளிக்கும் முறைக்கு மாறியது. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குப் பல மாதங்கள் போடப்பட்டு, பலருக்குக் கேட்கும் திறனைக் கெடுத்த ஊசி மருந்துகளுக்குப் பதிலாக வாய்வழி மருந்துகளே உகந்தவை என்ற மாற்றமும் 2018ஆம் ஆண்டையொட்டிய உலக நெறிகளில் ஏற்பட்டது.

ஒசூர் - கிருஷ்ணகிரி பகுதி

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது. கருநாடக எல்லையை ஒட்டி, பெங்களூரில் இருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் தொழில் நகரமாக வளர்ந்தது. அசோக் லேலண்டு, டிவிஎஸ் மோட்டார், டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகளும் பல சிறு தொழிற்கூடங்களும் இங்குள்ளன. 2019இல் இது மாநகராட்சியாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் இங்கு பேசப்படுகின்றன. வட மாநிலங்களில் இருந்து வந்த தொழிலாளரும் உள்ளனர். சுற்றியுள்ள ஊர்களில் மாமரத் தோப்புகளும் காய்கறி, மலர்ச் சாகுபடியும் மிகுதி. ஆலைத் தொழிலாளரும் வேளாண் கூலியாளரும் அருகருகே வாழும் இப்பகுதியில், ஒரே நெறி எல்லோருக்கும் ஒரே சுமையைத் தருவதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம்

2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட தொற்றா நோய் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அரசு மருத்துவ நிலையங்களில் மருந்து இலவசமாகக் கிடைத்தபோதும் இந்நிலை காணப்பட்டது. மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துச் செலவு செய்து, வரிசையில் நின்று பெறும் மருந்து நோயாளரின் கணக்கில் முழுதும் இலவசம் ஆகாது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ தருவதில்லை என்பதால், அந்தச் செலவைச் செய்யத் தூண்டுவதும் ஏதுமில்லை.

2021 ஆகத்து 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி என்னும் ஊரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மகளிர் தன்னுதவிக் குழுக்களில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வழங்குகின்றனர். வலிதணிப்புப் பராமரிப்பு, இயன்முறைச் சிகிச்சை, வயிற்றறை வழிக் கூழ்மப்பிரிப்புக்குரிய திரவப் பைகள் ஆகியனவும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு இத்திட்டத்துக்குத் தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு விருது கிடைத்தது.

இது ஒரு சேவைத் திட்டமே அன்றி வழிகாட்டு நெறி அன்று. எந்த மருந்து, எந்த அளவு என்பதை இது மாற்றுவதில்லை. மருந்து எங்கே, எப்படிக் கிடைக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. சிகிச்சை முறையின் பயனைக் கூறுவதோடு நில்லாமல், அதனைப் பின்பற்ற நோயாளர் செலுத்தும் விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்றாக உள்ளது.

வீட்டிலேயே செய்யும் கூழ்மப்பிரிப்பு விருப்பம் சார்ந்த தெரிவுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இரத்தக் கூழ்மப்பிரிப்புக்கு வாரம் இரண்டு மூன்று முறை மருத்துவமனை செல்ல வேண்டும். மற்ற நாள்களில் சிகிச்சை இல்லை. வயிற்றறை முறையில் பயணம் குறையும்; ஆனால் நாள்தோறும் பலமுறை திரவத்தை மாற்ற வேண்டும், தொற்று ஏற்படாமல் தூய்மை காக்க வேண்டும், அதற்குரிய இடம் வீட்டில் வேண்டும். எது சிறந்தது என்பது நோயாளரின் வீடு, தொழில், துணை ஆகியவற்றைப் பொறுத்தது.

முறைப்பணித் தொழிலாளர்

பகலில் வீட்டில் இராத தொழிலாளரை வீடு தேடிச் செல்லும் பணியாளர் காண்பது அரிது. 2024இல் தமிழ்நாடு அரசு தொற்றா நோய்ப் பரிசோதனையைப் பணியிடங்களுக்கும் விரிவாக்கியது.

சுழற்சி முறைப் பணி, மருந்துத் தெரிவையும் பாதிக்கும். உயர் இரத்த அழுத்தத்துக்கு அளிக்கப்படும் மருந்துகளுள் சிறுநீர் பெருக்கிகளும் ஒரு வகையாகும். விலை குறைந்தவையும் பயன் மிக்கவையுமான இவை, தொடர் உற்பத்திப் பிரிவில் நிற்பவருக்கும் தொலைதூரப் பேருந்து ஓட்டுநருக்கும் இடையூறாகலாம். நீரிழிவுக்கான சல்பனைல்யூரியா வகை மருந்துகளால் தாழ்சர்க்கரை நிலை ஏற்படக்கூடும். உணவு நேரம் வாரந்தோறும் மாறும் இரவுப் பணியாளருக்கும் இயந்திரத்தை இயக்குபவருக்கும் இந்த ஆபத்து வேறு பொருள் கொள்கிறது. இவ்வகை வேறுபாடுகளுக்கு இடமளிக்காத நெறியைப் பின்பற்றாதவரை ஒழுங்கற்ற நோயாளர் என்று பதிவு செய்வது எளிது. அவர் தம் வேலையைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மருந்தை நிறுத்தியிருக்கலாம் என்பது அப்பதிவில் தெரிவதில்லை.

எல்லையும் மொழியும்

ஒசூர்ப் பகுதியினர் உயர் சிகிச்சைக்குப் பெங்களூர் மருத்துவமனைகளை நாடுவது வழக்கம். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. இரு மாநிலங்களிலும் மருந்து கொள்முதல், காப்பீடு, பதிவேடு ஆகியன தனித்தனியானவை. ஒரு நோய்க்கு இரு மாநிலங்களிலும் சிகிச்சை பெறுவோருக்குத் தொடர்ச்சி என்பதே பெரிய விழுமியமாகிறது. மேலும், நோயாளரின் விருப்பத்தை அறியும் வினாத்தாள் தமிழில் மட்டும் அமைந்தால், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் முதியவரின் கருத்து விடுபட்டுப்போகும்.

இந்தியாவில் நெறிகளும் சட்டமும்

இந்தியாவில் நடுவண் சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மருத்துவர் சங்கங்கள் ஆகியன நெறிகளை வெளியிடுகின்றன. 2019 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பொதுவான நோய்களுக்குரிய சீர்தரச் சிகிச்சை வழிமுறைகளைச் சுருக்கமான படங்களாக வெளியிட்டுவருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கிய காக்ரேன் மையம், முறைசார் மீளாய்வுக்கான பயிற்சியைத் தென்னாசியாவில் பரப்பியது.

தனி நோயாளரின் விருப்பத்துக்குச் சட்டமும் இடமளித்துள்ளது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சோதனைக்குப் பெற்ற ஒப்புதலை அறுவைச் சிகிச்சைக்கு உரிய ஒப்புதலாகக் கொள்ள இயலாது எனத் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை அளிக்கிறது. காமன் காசு அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச்சு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் கருவிகளை மறுக்கும் முன்னறிவிப்பு ஆவணத்தை ஏற்றது. அதற்கான நடைமுறை 2023இல் எளிதாக்கப்பட்டது.

விமர்சனங்கள்

இம்முறை மீது பலவகை விமர்சனங்கள் உள்ளன.

முதலாவது, குழுவில் அமரும் நோயாளர் பெரும்பாலும் கல்வியும் ஓய்வுநேரமும் உடையவராக இருப்பர் என்பதாகும். கூட்டத்துக்காக ஒரு நாள் கூலியை இழக்க இயலாதவரின் விழுமியங்கள் அங்கு ஒலிப்பதில்லை. ஈட்டுத்தொகை வழங்குதல், வீட்டுக்கே சென்று கேட்டறிதல் ஆகியன தீர்வுகளாக முன்வைக்கப்படுகின்றன.

இரண்டாவது, செல்வ நாடுகளில் அளக்கப்பட்ட விழுமியங்கள் பிற நாடுகளின் நெறிகளில் அப்படியே எடுத்தாளப்படுகின்றன என்பதாகும். சான்றை இறக்குமதி செய்யலாம்; மருந்து பெரும்பாலும் எல்லா உடலிலும் ஒரே வகையில் செயற்படும். விழுமியங்களை அவ்வாறு இறக்குமதி செய்ய இயலாது.

மூன்றாவது, விருப்பம் எது, இயலாமை எது என்பதைப் பிரித்தறிவது கடினம் என்பதாகும். செலவுக்கு அஞ்சி அறுவைச் சிகிச்சையை வேண்டாம் என்பவர், உண்மையில் அதனை விரும்பாதவர் அல்லர். இல்லாமைக்குப் பழகிய மனம் தன் விருப்பங்களைத் தானே சுருக்கிக்கொள்ளும் என்பதைப் பொருளியலாளர் அமார்த்திய சென் சுட்டிக்காட்டியுள்ளார். வறுமையால் எழுந்த தெரிவை நோயாளரின் விழுமியம் எனப் பதிவு செய்தால், குறைந்த சிகிச்சையை வழங்குவதற்கு அதுவே நியாயமாகிவிடும். எனவே, தடைகள் நீக்கப்பட்டால் எதனைத் தேர்வீர் என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என வலியுறுத்தப்படுகிறது. மருந்தை வீட்டில் கொண்டுசேர்த்த பின்னரும் ஒருவர் மறுத்தால், அதனை அவருடைய விருப்பமாகக் கொள்வதில் பொருளுண்டு.

நான்காவது, ஒருவரின் விருப்பம் பிறர் நலத்துடன் முரண்படலாம் என்பதாகும். தொற்றுநோய்ச் சிகிச்சையை இடையில் நிறுத்துவது இதற்கு எடுத்துக்காட்டாகும். இங்கும் கட்டாயத்தை விட, நிறுத்துவதற்கான காரணத்தைக் கேட்டறிந்து சுமையைக் குறைப்பதே பயன் தந்துள்ளது என்பதைக் காசநோய்ச் சிகிச்சையின் வரலாறு காட்டுகிறது.

இவற்றையும் பார்க்க

சான்று சார் மருத்துவம்
காசநோய்
மக்களைத் தேடி மருத்துவம்
கிருஷ்ணகிரி மாவட்டம்
ஒசூர்